கிழமை இல்லாத வெள்ளி

ஒழுங்கான ஆட்கள் விடும் பிழையில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. அதை யாரும் சரிபார்ப்பதில்லை. கவனமில்லாத ஒருவன் "இண்டைக்கு மழை வரும்" என்றால் நாலு பேர் அண்ணாந்து வானத்தைப் பார்ப்பார்கள். நான் சொன்னால் பார்க்காமலே குடையை எடுத்துக்கொண்டு வெளிக்கிடுவார்கள். திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் என் சொல்லுக்கு அப்படி ஒரு மதிப்பு இருந்தது. (இறந்தகாலத்தில் எழுதியிருப்பதைக் கவனிக்கவும்.)

அந்த மதிப்பை எனக்குத் தேடித்தந்தவை என்னுடைய கொப்பிகள். நூலகத்தில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அன்றைய ஊர்ச் செய்தியைக் கொப்பியில் பதிவது என் வழக்கம். எந்தக் கப்பல் உள்ளே வந்தது, மின்சாரம் எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வந்தது, கடற்கரையில் திரியும் மான் யாருடைய சோற்றுப் பார்சலைப் பறித்தது, எல்லாம் இருக்கும். யாருடைய கலியாணம் எந்த நாளில் நடந்தது என்று இரண்டு வீட்டாருக்குள் வாக்குவாதம் வந்தால் தீர்ப்புக்கு என்னிடம்தான் வருவார்கள். என் கணவர் இதைப் பற்றிச் சொல்வது: "இவ செத்தாலும் நேரத்தைக் குறிச்சு வைச்சிட்டுத்தான் கண்ணை மூடுவா."

அப்படிப்பட்ட நான் எழுதும் இந்தக் கட்டுரையில் ஒரு திகதிகூட வராது. இது என் தம்பி குடும்பம் போட்ட நிபந்தனை. கிழமைகளைச் சொல்ல மட்டும் அனுமதித்திருக்கிறார்கள். அதுவும் சிரித்துக்கொண்டேதான்.

தம்பி சிவகுமாருக்கு உட்துறைமுகப் பக்கம் படகு எஞ்சின் திருத்தும் கடை. அவனுடைய ஒரே மகள் தர்சிகா. பள்ளிக்கூட நாளில் வலைப்பந்து பழகப் போனவள். பக்கத்து மண்டபத்தில் கிண்ணியா நஸீர் மாஸ்டர் சீனத் தற்காப்புக்கலை பழக்கிக்கொண்டிருந்ததை ஒரு நாள் எட்டிப் பார்த்தாள். அதற்குப் பிறகு வலைப்பந்துப் பக்கம் போகவேயில்லை.

அந்தக் கலையில் இரண்டு வகை. ஒன்று, தனியாக நின்று அழகாகச் செய்துகாட்டுவது. மற்றது நேருக்கு நேர் மோதுவது. அதற்குச் சீனர்கள் வைத்திருக்கும் பெயர் சாண்டா. (இரண்டு காலையும் எடுத்துவிட்டுக் கடைசியில் ஐகாரம் சேர்த்தால் எங்கள் சண்டை.) உயரமான மேடையில் இரண்டு பேர் ஏறி, கையுறை போட்டுக் குத்தி, உதைத்து, தூக்கி எறிந்து, ஏலுமானால் மேடையை விட்டே தள்ளிவிட வேண்டும். எங்கள் பிள்ளை எதைத் தெரிவுசெய்திருப்பாள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பத்தொன்பது வயதில் அவளுக்கு இரண்டு அழைப்புகள் சேர்ந்தாற்போல் வந்தன. மலேசியாவில் நடக்கும் சர்வதேசப் போட்டி ஒன்றில் இலங்கை அணிக்காக இறங்குவது முதலாவது. கொழும்பில் ஒரு வருடம் விடுதியில் தங்கித் தேசிய அணியோடு பயிற்சி பெறுவது இரண்டாவது. அந்த விடுதிப் படிவத்தில் பெற்றோர் கையொப்பம் கேட்டிருந்தார்கள். தம்பி பேனையைத் தொடவில்லை.

"சண்டை பிடிக்கிறதுக்குப் பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்போணுமே? இஞ்ச கடைக்கு வாற ஆக்களோட பிடிக்கலாம்தானே" என்றான்.

"அப்பா, அவையள் உங்களோட பிடிக்கிற சண்டைக்குப் பதக்கம் குடுக்கமாட்டினம்" என்றாள் தர்சிகா.

"சரி. மலேசியாவில ஒரு பதக்கம் எடுத்துக்கொண்டு வா, கையெழுத்து வைக்கிறன். இல்லையோ, அரசாங்கக் கிளறிக்கல் வேலைச் சோதினைக்கு விண்ணப்பம் போடு. இதுக்கு மேல கதை இல்லை."

"பிறகு மாத்தக்கூடாது."

"மாத்தமாட்டன்."

நானும் அங்கே இருந்தேன். சொன்னதைச் சொல்லுக்குச் சொல் கொப்பியில் பதிந்துகொண்டேன். தர்சிகாவின் மூக்கு உடைந்துவிடும் என்ற பயம் அவனுக்கு. இந்த வாய்ப்பு கைவிட்டுப் போனால் தன் காலம் முடிந்தது என்ற பயம் அவளுக்கு. எனக்கு இரண்டு பேரிலும் பாவம்தான். ஆனால் மனதுக்குள் நான் பிள்ளையின் பக்கம்.

அவள் சனிக்கிழமை விமானம் ஏறினாள். நஸீர் மாஸ்டருக்குக் கூடப்போக வசதியில்லை. கொழும்பிலிருந்து அணிப் பயிற்சியாளர்தான் போனார். போட்டி அட்டவணையை நான் நூலகத்தில் அச்செடுத்து, குசினி அலுமாரிக் கதவில் ஒட்டினேன். அதில் போட்டி ஆரம்பம் புதன்கிழமை என்று தடித்த எழுத்தில் இருந்தது. அதன் கீழே பொடி எழுத்தில் ஒரு பக்கம் நிறைய ஏதேதோ இருந்தன. தடித்த எழுத்து இருக்கும்போது பொடி எழுத்தை எதற்கு வாசிப்பது? (பிழைகளெல்லாம் பொடி எழுத்தில்தான் குடியிருக்கின்றன என்பதைப் பிறகு அறிந்துகொண்டேன்.)

திங்கட்கிழமை அவளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பினேன்: "சண்டை எப்ப?" பதில் இல்லை. புதன்கிழமை பின்னேரம் இன்னொன்று அனுப்பினேன்: "என்ன கிடைச்சது?" அரை மணித்தியாலத்தில் பதில் வந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளின் வழக்கப்படி ஆங்கில எழுத்தில் தமிழ். இரண்டே சொல்லும் மடக்கிய முட்டியின் படமும்.

"வெள்ளி மாமி."

இந்த இடத்தில் நான் ஒரு வாக்குமூலம் தரவேண்டும். இந்தப் பூமியில் தமிழ் தெரிந்த வேறு எவருக்கும் இந்தப் பிழை வந்திருக்காது. ஏனென்றால் மற்றவர்களெல்லாம் "வெள்ளி வாறன்", "செவ்வாய் போறன்" என்று கதைக்கிற மனிதர்கள். எனக்கு அந்தப் பழக்கம் ஆகாது. கொப்பியில் எப்போதும் வெள்ளிக்கிழமை, செவ்வாய்க்கிழமை என்று முழுதாகத்தான் எழுதுவேன். வெறுமனே செவ்வாய் என்றால் அது கிரகம். நூலகத்தில் யாராவது "வியாழன் புத்தகத்தைத் தாறன்" என்றால், "வியாழக்கிழமை" என்று திருத்திவிட்டுத்தான் அனுப்புவேன். ஆகவே கிழமை ஒட்டாத வெள்ளி என் கண்ணில் பட்டபோது அது உலோகமாக மட்டும்தான் தெரிந்தது.

முதலில் தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"தம்பி, வெள்ளியடா!"

"ஓம் அக்கா, வெள்ளிதான். தெரியும்."

"தெரியுமோ? பிறகேன் சும்மா இருக்கிறாய்?"

"சும்மா இராம, அதுக்கு நான் என்ன செய்யிறது?"

"என்ன செய்யிறதோ? நான் பனர் அடிக்கப் போறன்."

"இதுக்கெல்லாம் பனரோ அக்கா?"

"நீ பேசாம இரு. அப்பனுக்கு இல்லாத பெருமை மாமிக்கு இருக்கு" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். கல்நெஞ்சக்காரன் என்று கணவரிடம் ஒரு முறை சொன்னேன். கொப்பியிலும் எழுதினேன். மையால் எழுதியதை நான் வெட்டுவதில்லை என்பதால் அது இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது.

அடுத்தது நஸீர் மாஸ்டர். அவர் இறைவனுக்கு நன்றி சொல்லி, பிறகு மெதுவாக ஒரு சந்தேகம் கேட்டார்.

"அக்கா, சாண்டா வெள்ளிக்கிழமை தொடங்கும் எண்டல்லவா எனக்குச் சொன்னாங்க?"

"மாஸ்டர், போட்டி புதன்கிழமை ஆரம்பம். அட்டவணை என்ர அலுமாரிக் கதவில இருக்கு."

"அது தனியாச் செஞ்சு காட்டுற பிரிவா இருக்கும் அக்கா..."

"மாஸ்டர், பிள்ளை தன்ர கையால எழுதி அனுப்பியிருக்கிறாள்."

"சரி சரி. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

உலகத்தில் உண்மை தெரிந்திருந்த இரண்டு பேரையும் பத்து நிமிடத்துக்குள் வாயடைத்துவிட்டேன். பிறகு ஊருக்கு அறிவிக்கப் போனேன்.

வியாழக்கிழமை காலை பதாகை தயார். தர்சிகா ஒரு காலைத் தூக்கி நிற்கும் படம். கீழே சிவப்பில் நான் யோசித்து யோசித்து எழுதிய வாசகம்: "வெள்ளி வென்ற வீரமங்கை". மோனை விழவேண்டும் என்பதில் எவ்வளவு கவனம்! செய்தி உண்மையா என்பதில்தான் இல்லை.

பின்னேரம் மூன்று மணிக்குத் தம்பியின் கடை வாசலில் பதாகையைக் கட்டினோம். மாவிலைத் தோரணமும் கட்டினோம். அதன் ஒரு பக்கத்தை நாங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரு மான் தின்று முடித்துவிட்டது. ஓட்டோக்காரர்கள், படகுக்காரர்கள், நூலகத்துக்கு வரும் ஓய்வூதியக்காரர்கள் என்று அறுபது பேருக்குக் குறையாமல் கூட்டம். சீனக் கலைக்குச் சீனவெடிதான் பொருத்தம் என்று ஒரு ஓட்டோக்காரர் நீளமான சரத்தைக் கொளுத்தினார்.

சத்தம் கேட்டுத் தம்பி கையில் எண்ணெய்த் துணியோடு வெளியே வந்தான். பதாகையை ஒரு தரம் வாசித்தான். இன்னொரு தரம் வாசித்தான். என்னைத் திரும்பிப் பார்த்தான். அவனுடைய முகம் ஒரு மாதிரிப் போனது.

"அக்கா, இது..."

"அழாதை தம்பி" என்றேன். (எனக்கு அழுகைபோலத்தான் தெரிந்தது.)

"இல்லை அக்கா, உது வந்து..."

"ஒண்டும் சொல்லாதை. எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம்."

அப்போது எஞ்சின் திருத்தக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த குச்சவெளிப் படகுக்காரர் ஒருவர் உரத்த குரலில் கேட்டார்: "முதலாளி, பிள்ளை வெள்ளியே எடுத்திட்டா. இனியும் என்ன, கொழும்புக்கு விடுங்கோவன்!" கூட்டம் கைதட்டியது. நஸீர் மாஸ்டர் இந்த நேரத்துக்காகவே சட்டைப்பையில் வைத்திருந்த படிவத்தை எடுத்து நீட்டினார்.

தம்பி பதாகையை இன்னொரு தரம் அண்ணாந்து பார்த்தான். கையைத் துணியில் துடைத்தான். பிரித்துப் போட்டிருந்த எஞ்சின் மூடியின்மேல் படிவத்தை வைத்துக் கையெழுத்திட்டான். பக்கத்தில் அவனுடைய பெருவிரல் எண்ணெயும் பதிந்தது.

"எல்லாருக்கும் முன்னால சொல்லுறன். அவள் போகட்டும். இனி நான் மறிக்கமாட்டன்."

நேரம் மூன்று இருபது. கொப்பியை மடியில் வைத்துக் கண்ணீரோடு குறித்துக்கொண்டேன். மாஸ்டர் அன்றைக்கே படிவத்தை விரைவுத் தபாலில் கொழும்புக்கு அனுப்பிவிட்டார்.

ஐந்து மணிக்குத் தர்சிகா எடுத்தாள்.

"மாமி, என்ன கூத்து இது? பனர்ப் படம் எனக்கு ஏழு பேரிட்ட இருந்து வந்திட்டுது. ஆர் எனக்கு வெள்ளி தந்தது?"

"நீதானே பிள்ளை எழுதினனீ?"

"சண்டை எப்ப எண்டு முதல் கேட்டனீங்கள். அதுக்குத்தான் வெள்ளி எண்டு எழுதினன். வெள்ளி, மாமி! நாளைக்கு! நான் இன்னும் மேடையிலயே ஏறேல்ல!"

அந்த நேரத்தில் ஒரு மனிசி சொல்லக்கூடிய மன்னிப்புச் சொற்கள் எத்தனையோ இருக்கின்றன. நான் சொன்னது இது:

"அப்ப வெள்ளிக்கிழமை எண்டல்லோ எழுதியிருக்கோணும்?"

மறுமுனையில் அவள் தலையில் அடித்துக்கொண்டது கேட்டது. பிறகு, "அப்பா என்ன சொன்னவர்?" என்று சின்னக் குரலில் கேட்டாள்.

"கையெழுத்து வைச்சிட்டான்."

"அப்ப அவருக்கு இப்ப ஒண்டும் சொல்லாதேங்கோ மாமி. நான் நாளைக்கு எப்பிடியும் வெல்லப் பாக்கிறன். ஆனா வெள்ளி வரோணுமெண்டா மூண்டு சண்டை வெல்லோணும்."

தொலைபேசியை வைத்தபோதுதான் நான் செய்த வேலையின் முழு அளவும் விளங்கியது. அவள் பதக்கம் இல்லாமல் வந்தால், தம்பி ஏமாற்றப்பட்டவனாவான். கொழும்புக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துப் படிவத்தைத் திருப்பிக் கேட்பான். அதோடு பிள்ளையின் ஆசை முடிந்தது. வெறுமனே தோற்றிருந்தால்கூட நான் கெஞ்சிப் பார்த்திருக்கலாம். இப்போது ஊருக்கு முன்னால் அவனைப் பைத்தியக்காரனாக்கிவிட்டு எந்த முகத்தோடு கெஞ்சுவது? அன்றைய பக்கத்தில் அதற்குப் பிறகு நான் எதையும் எழுதவில்லை. (பாதியில் நின்ற பக்கம் அது ஒன்றுதான்.)

வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு லீவு போட்டேன். மாஸ்டருக்கு மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "நான் சொன்னேனே அக்கா" என்றும் சொல்லவில்லை. அதனால் இன்னும் கூடுதலாக வெட்கப்பட்டேன். எங்கள் வீட்டு விறாந்தையில் மூன்று கதிரைகளைப் போட்டு, மாஸ்டருடைய தொலைபேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து, கணவரும் மாஸ்டரும் நானும் நேரடி ஒளிபரப்பைப் பார்த்தோம்.

எதிராளி கசகஸ்தான் பிள்ளை. தர்சிகாவை விட ஒரு தலை உயரம். மூன்று சுற்றில் இரண்டை வென்றால் போதும். முதல் சுற்றைத் தர்சிகா தோற்றாள், ஆனால் மயிரிழையில். இரண்டாவது சுற்றில் அந்தப் பிள்ளையை இரண்டு தரம் தூக்கி விழுத்தினாள். மாஸ்டர் கதிரையில் இருந்தபடியே உதைத்து எங்கள் செம்பைக் கவிழ்த்தார். துடைத்து நிமிர்த்தினோம். தர்சிகா காலைத் தூக்கினாள். அந்தக் கணத்தில் படம் அப்படியே உறைந்து நின்றது. பதாகையில் நிற்பதுபோலவே கம்பீரமாக நின்றாள்.

"வெல்லப்போறாள்" என்றேன்.

படம் திரும்ப ஓடத் தொடங்கியபோது மேடையில் கசகஸ்தான் பிள்ளை மட்டும் நின்றாள்.

"எங்கட ஆள் எங்க?" என்று கணவர் கேட்டார்.

"கீழ" என்றார் மாஸ்டர்.

மேடையைச் சுற்றிப் போட்டிருந்த மெத்தையில் தர்சிகா இருந்தாள். எழும்பினாள். மேலே ஏறினாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு தரம் கீழே போனாள். ஒரே சுற்றில் இரண்டு தரம் மேடையை விட்டு விழுந்தால் அந்தச் சுற்று போய்விடும் என்று மாஸ்டர் விளங்கப்படுத்தினார். நடுவர் மற்றப் பிள்ளையின் கையைத் தூக்கினார். முடிவு: முதற் சண்டையிலேயே தோல்வி, பதக்கம் இல்லை. தர்சிகா எதிராளியைக் கட்டிப்பிடித்துவிட்டுச் சிரித்தபடி இறங்கினாள். நான் மூக்கைத்தான் பார்த்தேன். உடையவில்லை.

இனி ஒளிக்க ஏலாது. நானே போய்ச் சொல்வது என்று முடிவெடுத்துக் கடைக்கு நடந்தேன். கடை வாசலில் தலைக்கு மேலே பதாகை. அதைப் பார்க்காமல் உள்ளே போனேன். தம்பி ஒரு எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தான்.

"தம்பி, நான் ஒரு பெரிய பிழை விட்டிட்டன்."

"எத்தினை மணிக்கு?" என்றான், தலையை எடுக்காமலே.

"பகிடி விடாதை. பிள்ளை வெள்ளி எடுக்கேல்ல. அது கிழமை. இண்டைக்குத்தான் சண்டை. தோத்திட்டாள். பதக்கம் ஒண்டும் இல்லை. பிழை முழுக்க என்ர. அவளை ஒண்டும் சொல்லாதை. கொழும்புக்கு எடுத்துப் படிவத்தைக் கேக்கப்போறாய் எண்டா, முதல்ல என்னை நாலு வார்த்தை பேசிப்போட்டுக் கேள்."

தம்பி தலையை வெளியே எடுத்தான். சிரித்துக்கொண்டிருந்தான்.

"சண்டை இண்டைக்கு எண்டு எனக்குத் திங்கட்கிழமையே தெரியும் அக்கா. அவள் எனக்கும்தானே சொன்னவள்."

"அப்ப நேற்றுத் தெரிஞ்சுகொண்டோ கையெழுத்து வைச்சனீ?"

"தெரிஞ்சுகொண்டுதான்."

"பிறகேன்ரா எனக்குச் சொல்லேல்ல?"

"நீங்கள் ஆரைக் கதைக்க விட்டனீங்கள்? அழாதை, பேசாதை எண்டு... சனம் வேற வெடியைக் கொளுத்திப்போட்டுது." அவன் கையைத் துடைத்தான். "பதக்கம் இல்லாட்டி விடமாட்டன் எண்டு நானும் வாயை விட்டிட்டன். அவள் விமானம் ஏறினதில இருந்து எனக்கு நித்திரை இல்லை அக்கா. தோத்துக்கொண்டு வந்தா, மூஞ்சையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சோதினைக்குப் படிப்பாள். அதை நான் எப்பிடிப் பாக்கிறது? அதுக்காகச் சொன்ன சொல்லை விட்டு நானா இறங்கிறதோ? கூரையில ஏறி நிண்டவனுக்கு நீங்கள் ஏணி கொண்டுவந்து வைச்சனீங்கள். ஏணி கோணலா இருக்கெண்டு நான் பேசாம நிக்கிறதோ?"

நான் அங்கேயிருந்த எண்ணெய் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்துவிட்டேன். அந்தச் சேலை பிறகு எதற்கும் உதவவில்லை. ஆனால் முந்தின நாள் பின்னேரத்துக்குப் பிறகு அப்போதுதான் மூச்சு ஒழுங்காக உள்ளே போய் வெளியே வந்தது.

"அதோட அக்கா" என்றான் அவன், "நீங்கள் பிழை விடுறதைப் பாக்க எனக்கு நாப்பத்தைஞ்சு வருசம் எடுத்தது. அதை எப்பிடி நடுவில நிப்பாட்டுறது?"

பதாகையைக் கழற்றச் சொன்னேன். மாட்டேன் என்றுவிட்டான். எஞ்சினுக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்டையும் சிவப்புப் பெயின்டையும் எடுத்துவந்து தானே திருத்தினான். திங்கட்கிழமை தர்சிகா வந்து இறங்கியபோது அதில் இப்படி இருந்தது: "வெள்ளிக்கிழமை நின்ற வீரமங்கை". கொஞ்சம் கோணல் எழுத்து. ஆனால் ஒவ்வொரு சொல்லும் உண்மை. அவள் அதற்குக் கீழே நின்று அப்பாவோடு படம் எடுத்துக்கொண்டாள். இரண்டு பேரில் யார் கூடுதலாக அழுதது என்பதைக் குறித்துக்கொள்ளக்கூடாது என்று எனக்கு உத்தரவு வந்தது.

தர்சிகா பயிற்சிக்குக் கொழும்பு போய்விட்டாள். ஊர் என்னை விடவில்லை. ஓட்டோத் தரிப்பிடத்தைத் தாண்டும்போது, "அக்கா, செவ்வாய் ஏதும் கிடைச்சதோ?" என்று ஒருவர் கேட்பார். "இல்லையாம், ஞாயிறுதான் கிடைச்சதாம், அது தங்கத்தை விடப் பெரிசாம்" என்று இன்னொருவர் பதில் சொல்வார். வீட்டில் நிலைமை இன்னும் மோசம். தம்பி மனைவியான என் மச்சாளின் கொலுசு வெள்ளிக்கிழமைக் கொலுசு. குங்குமச் சிமிழ் வெள்ளிக்கிழமைச் சிமிழ். என் தலையில் எட்டிப் பார்க்கும் நரைக்குக் கணவர் வைத்த பெயர் வெள்ளிக்கிழமைக் கம்பி.

போன வருடம் தர்சிகா இன்னொரு சர்வதேசப் போட்டிக்குப் போனாள். இந்த முறை நான் அட்டவணையின் பொடி எழுத்தையும் பூதக்கண்ணாடி வைத்து வாசித்தேன். அவளிடம் எதையும் கேட்கவில்லை. யாருக்கும் எதையும் அறிவிக்கவுமில்லை. ஒரு பின்னேரம் அவளே ஒரு செய்தி அனுப்பியிருந்தாள், எனக்காக மினக்கெட்டுத் தமிழ் எழுத்திலேயே:

"வெண்கலம், மாமி. பயப்பிடாம எழுதுங்கோ. இந்தப் பேரில கிழமை இல்லை."